அவிக்கச் சொன்னதை அரைச்சவ

மங்கையற்கரசியின்ர கை சும்மா கிடக்காது. ஒரு பிடி மல்லியைக் கண்டால் காணும், தாச்சி அடுப்பில ஏறியிடும். வறுக்கிறது, இடிக்கிறது, அரிக்கிறது, போத்திலில போட்டு இறுக்கி மூடுறது. உரும்பிராயில இருக்கேக்க பிள்ளை பெத்த வீடுகளுக்குச் சரக்கு இடிக்க இவவைத்தான் கூப்பிடுவினம். சரக்கெண்டால் வேறயொண்டுமில்லை. மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடிச்ச தூள். பிள்ளை பெத்தவளுக்கு அதைப் போட்டுத்தான் கறி வைக்கிறது. மங்கையற்கரசி பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம்தான். உந்த விசயத்தில மட்டும் அவவுக்கு ஒருதரும் ஒண்டும் சொல்லிக் குடுக்கத் தேவையில்லை எண்டு ஒரு எண்ணம் இருந்தது. அந்த எண்ணம்தான் கடைசியில புருசனைக் கட்டிலில விழுத்தினது.

தொண்ணூத்திரண்டில புருசன் ஜெயரட்ணத்தோட ரொறன்ரோவில வந்து இறங்கினா. மகள் வதனா கூப்பிட்டது. ஸ்காபரோ டோர்செட் பார்க்கில, கெனடி ரோட்டுக்கரையில, ஒன்பதாம் மாடியில ரெண்டு றூம் வீடு. ஒரு றூமில வதனாவும் மருமகன் தயாபரனும், மற்ற றூமில இவையள். வந்த குளிர் உடம்பில ஏற முந்தியே மங்கையற்கரசி மஃபின் பக்டறிக்கு வேலைக்குப் போயிற்றா. பெல்ட்டில வாற மஃபினை எடுத்துப் பெட்டியில அடுக்கிறது. இங்கிலீஸ் வேண்டாம், கை இருந்தால் காணும்.

ஜெயரட்ணம் ஊரில லொறி ஓடினவர். இஞ்ச அவருக்குக் கிடைச்சது இறைச்சி வைக்கிற பெரிய பிறீசருக்குள்ள பெட்டி தூக்கிற வேலை. வெளியில போனாலும் பனி, உள்ளுக்கை போனாலும் பனி. வருசம் ரெண்டு போக முழங்கால் ரெண்டும் பழுதாப் போச்சு. காலமை கட்டிலால இறங்கேக்க அந்த மனுசன் போடுற சத்தத்தில மருமகன்ர அலாரம் தேவையில்லை. குடும்ப டொக்டர் குளிசை எழுதிக் குடுத்தார். அது வயித்தை எரிச்சுது. "குளிசையும் வேண்டாம், ஒரு கோதாரியும் வேண்டாம்" எண்டு அவர் போத்திலைத் தூக்கிக் குப்பையில போட்டிட்டார்.

இப்பிடியிருக்கேக்கதான், தொண்ணூத்தாறு தை மாசம், பேத்தி அட்சயா பிறந்தா.

அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லாமல் போகேலாது. கொட்டாவி விட்டால் முழு முகமும் வாயாப்போம். தும்மினால் தன்ர தும்மலுக்குத் தானே பயந்து அழும். நித்திரையில ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும், மற்றப் பக்கத்தைப் பிறகு பாப்பம் எண்டு வைச்சிருக்கிறமாதிரி. ஒரு தும்மலை ஜெயரட்ணம் பிறீசருக்குள்ள நிண்டு எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பார் எண்டு கேட்கக்கூடாது. மங்கையற்கரசிக்கோ, அந்த உச்சந்தலையை மணந்தால் பசி எடுக்காது.

"முப்பத்தொண்டு அண்டைக்கு நான் நிலத்தில சம்மணங்கட்டி இருந்து பிள்ளையை மடியில வைச்சிருக்கோணும்" எண்டார் ஜெயரட்ணம். முப்பத்தொண்டெண்டது பிள்ளை பிறந்து ஒரு மாசத்தில துடக்குக் கழிக்கிற நாள். சொந்தக்காரர், தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் வருவினம்.

"உங்கட காலுக்கு கதிரையில இருக்கிறதே பெரிய காரியம். சம்மணமாம்" எண்டா மங்கையற்கரசி.

"பேத்தியை அம்மப்பன் கதிரையில இருந்து தூக்கினவன் எண்டு சனம் சொல்லும்."

"சனத்துக்கு வேற வேலையில்லை."

சிரிச்சுக்கொண்டுதான் சொன்னா. ஆனால் அந்த மனுசன் இரவில காலைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கிறதை அவவால பாத்துக்கொண்டிருக்கேலாது.

பெல்ட்டில மங்கையற்கரசிக்குப் பக்கத்தில நிக்கிறது வேரோனிக்கா. ஹொங்கொங்கால வந்த சீனாக்காரி. அவவின்ர இங்கிலீசும் இவவின்ர இங்கிலீசும் ரெண்டும் அரைகுறை. அதால ரெண்டு பேருக்கும் மற்றவ சொல்லுறது நல்லா விளங்கும். கால் கதையைக் கேட்ட வேரோனிக்கா, தன்ர தாயும் இப்பிடித்தான் கிடந்தவ, சீன மருந்து குடிச்சுத்தான் நடக்கிறா எண்டு சொல்லி, அடுத்த லீவு நாளே ரெண்டு பேரையும் அஜின்கோட்டில இருக்கிற சீன மருந்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனா. கடை முழுக்க இழுத்துத் திறக்கிற லாச்சி. லாச்சி முழுக்க வேரும் பட்டையும் காய்ஞ்ச பூவும். வாசலில நிண்டு மூச்சை இழுத்தவுடன மங்கையற்கரசிக்குச் சொந்த வீட்டுக்குள்ள வந்தமாதிரி இருந்தது.

கடைக்காரக் கிழவர் ஜெயரட்ணத்தை நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தார். முழங்காலைத் தொட்டுப் பாத்தார், ஐஸ் மாதிரிக் குளிர்ந்து கிடந்தது. பிறகு ஒவ்வொரு லாச்சியா இழுத்து, நிறுத்து, சில பொட்டலம் கட்டினார். ஒவ்வொண்டுக்குள்ளயும் காய்ஞ்ச மாங்காய் வத்தல்போல கறுப்புத் துண்டுகள் கொஞ்சத்தைத் தனிக் கடதாசியில சுத்தி வைச்சார். அதைத் தொட்டுக் காட்டி, விரலை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார்.

வேரோனிக்கா சொன்னா: "சிஸ்டர், இந்தக் கறுப்பு முதல். தனிய. ஒரு மணித்தியாலம் கொதிக்கோணும். பிறகு மற்றதைப் போட்டு இன்னும் ஒரு மணித்தியாலம். தண்ணியைக் குடிக்கிறது. வேரை எறியிறது. தின்னக்கூடாது. சரியோ?"

"ஓகே, ஓகே."

"லோங் டைம் குக், சிஸ்டர்!"

"ஓகே எண்டுறன்."

விளங்கேல்லை எண்டு சொல்லேலாது. நல்லா விளங்கினது.

முதல் பொட்டலத்தைச் சொன்னபடிதான் அவிச்சா. ஆனால் அந்த மணம் இருக்கே! ஈரச் சாக்கை எரிச்சமாதிரி வீடெல்லாம் பரவி, கதவுக்குக் கீழால ஓடி, ஒன்பதாம் மாடி முழுக்க ஏறினது. பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டினா. பிறகு பில்டிங் பாக்கிற சுப்பரின்டன் வந்து குசினிக்குள்ள எட்டிப் பாத்தார். வேலையால வந்த தயாபரன் மாமிக்கு எதிர்த்துக் கதைக்காத பிள்ளை. மாசிப் பனிக்குள்ள பல்கனிக் கதவைத் திறந்து விட்டான். பிறகு மெல்லமா, "மாமி, பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு…" எண்டான். அவ்வளவுதான். மங்கையற்கரசிக்கு அது போதும். இருக்கிறது அவன்ர வீடு.

அந்தத் தண்ணியைக் குடிச்சு ஜெயரட்ணத்துக்கு ஒரு கெடுதியும் வரேல்லை. காலில கொஞ்சம் சூடு தெரியுது எண்டார். ஆனால் வேரை எறியேக்க மங்கையற்கரசிக்கு மனம் கேக்கேல்லை. சத்து முழுக்க வேருக்குள்ளதானே? தண்ணியைக் குடிச்சிட்டு வேரை எறியிறதெண்டால், தேங்காய்ப்பாலை ஊத்திப்போட்டுத் தண்ணியில கறி வைக்கிற மாதிரியெல்லோ? சீனாக்காரருக்கு வறுக்கத் தெரியாதுபோல, அதுதான் அவிக்கினம்.

அடுத்த நாள் வதனாவுக்குச் சரக்கு வறுக்கிற நாள். தாச்சி சூடாத்தான் இருந்தது. சரக்குக்கு முதல், சீன மருந்து ரெண்டு மூண்டு பொட்டலத்தைப் பிரிச்சு, கறுப்புத் துண்டையும் மற்றதையும் ஒண்டாப் போட்டு, மணம் எழும்ப முந்தி இறக்கி, கோப்பி அரைக்கிற குட்டி மிசினில அரைச்சு அரிச்சுப் போத்திலில போட்டா. ஒரு பொட்டலம் மட்டும் பிறகு பாப்பம் எண்டு லாச்சிக்குள்ள கிடந்தது. பிறகு மிசினைச் சீலைத்துண்டால துடைச்சுப்போட்டு, சரக்கை அதில அரைச்சா.

காய்ச்சல் தடிமனுக்குத்தான் அவிச்சுக் குடிக்கிற குடிநீர். நரம்புக்கும் மூட்டுக்கும் தூள்தான். தேனில குழைச்சு நாக்கில தடவ வேண்டியது. எத்தினை பேருக்குக் குடுத்திருப்பா.

முதல் நாள் நுனிக் கரண்டியில கொஞ்சம் குடுத்தா. "நாக்கு விறுவிறுக்குது" எண்டார் ஜெயரட்ணம்.

"மருந்து பிடிக்குது. பேசாமல் விழுங்குங்கோ."

கொஞ்ச நேரத்தில பாதத்துக்குள்ள சூடு ஏறினது. அந்த மனுசன் சொக்ஸைக் கழட்டிப்போட்டுக் குசினிக்குள்ள நடந்து காட்டினார். "இஞ்ச பாரும்! சீனாக்காரன்ர வேரும் உம்மட கையும் சேந்தால் நான் பழையபடி லொறி ஓடுவன்."

"ஓடுங்கோ, ஓடுங்கோ. முதல்ல எலிவேற்றர் வரைக்கும் ஓடுங்கோ."

அண்டைக்கு அவவுக்கு எவ்வளவு பெருமை எண்டு சொல்லி முடியாது.

முப்பத்தொண்டு சனிக்கிழமை வந்தது. காலமையே வீடு கழுவி, மஞ்சள் தெளிச்சு, வதனாவும் பிள்ளையும் முழுகி முடிஞ்சுது. மங்கையற்கரசி அடுப்படியில நிண்டவ, வாற சனத்துக்கு ஒரு பக்கம் சமையல், வதனாவுக்கு ஒரு பக்கம் புதுப் போத்தில் திறந்து சரக்குக்கறி. பின்னால மேசையில இருந்து ஜெயரட்ணம் சொன்னார், "இஞ்சாரும், வாய் விறைக்குது."

"விறைக்கட்டும். மருந்து பிடிக்குது."

"கையும் விறைக்குது."

திரும்பிப் பாக்கேல்லை. கறி பொங்குற நேரம்.

"மங்கை…"

அந்தக் குரலுக்குத்தான் திரும்பினா. மனுசன்ர முகம் சாம்பல். வேர்த்து வடியுது. எழும்பித் தொட்டிக்குப் போறதுக்கிடையில ஓங்காளிச்சுச் சத்தி எடுத்து, அதிலயே முழங்கால் மடங்கி நிலத்தில இருந்திட்டார். "ரெண்டு கரண்டி போட்டனான்" எண்டார். நாக்குத் தடிச்சு, சொல்லு குழைஞ்சு வந்தது. "கால் மடங்கோணும் எண்டு… ரெண்டு கரண்டி…"

"ஐயோ! தம்பி! தயாபரன்!"

தயாபரன் ஓடி வந்து பாத்திட்டு அம்புலன்சுக்கு அடிச்சான். ரெலிபோனில அவை கேட்க, இவன் திரும்பி மாமியைக் கேட்டான், "மாமி, மாமா ஏதும் மருந்து எடுத்தவரோ?"

"இல்லைத் தம்பி" எண்டா மங்கையற்கரசி.

ஏன் அப்பிடிச் சொன்னா? மருந்தெண்டால் டொக்டர் எழுதித் தாறது, இது நாட்டு வேர்தானே எண்டு ஒரு எண்ணம். தயாபரனுக்கு முன்னால தலை குனியோணும் எண்ட வெக்கம். பொலிஸ் வருமோ எண்ட பயம். அந்த ஒரு சொல்லுக்கு அவ பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்கக்கூடாது.

அம்புலன்சில அவவைத்தான் ஏத்தினவை. தயாபரன் பின்னால காரில. உள்ளுக்கை ரெண்டு பொடியள் ஜெயரட்ணத்தின்ர நெஞ்சில வயர் ஒட்டினவங்கள். இதயம் பாக்கிற பெட்டியில ஒரு பச்சைக் கோடு ஓடினது. அது ஒழுங்கா ஓடேல்லை. ஒருக்கால் நெருங்கி நெருங்கித் துள்ளும், ஒருக்கால் நீட்டுக்கு ஒண்டுமில்லாமல் போகும். அந்த நீட்டில மங்கையற்கரசியின்ர மூச்சும் நிண்டு போகும். பொடியங்கள் ரெண்டு பேரும் ஒருத்தனை ஒருத்தன் பாத்த பார்வைக்கு இங்கிலீஸ் தேவைப்படேல்லை.

ஆசுப்பத்திரியில அவரை உள்ளுக்கை இழுத்துக்கொண்டு போச்சினம். திரைச்சீலைக்கு வெளியில ஒரு கறுத்த, தடிச்ச நேர்ஸ் அவவின்ர தோளைப் பிடிச்சு நிப்பாட்டினா. சட்டையில பேர் குத்தியிருந்தது, கிளடிஸ் எண்டு, பிறகுதான் தெரியும். தயாபரன் இன்னும் கார் விட இடம் தேடுறான். கிளடிஸ் ஏதேதோ கேட்டா. "மெடிசின்" எண்ட சொல்லு மட்டும் விளங்கினது.

திரைக்குப் பின்னால ஜெயரட்ணம் திரும்பவும் சத்தி எடுக்கிற சத்தம்.

"யேஸ்" எண்டா மங்கையற்கரசி. "யேஸ், யேஸ். மெடிசின். சைனா மெடிசின்."

"வட் சைனா மெடிசின்?"

அதுக்கு மேல சொல்ல அவவிட்டச் சொல்லு இல்லை. நடு வழியில நிண்டுகொண்டு, ஒரு கையால தாச்சியைப் பிடிச்சமாதிரிப் பிடிச்சு, மற்றக் கையால வறுத்துக் காட்டினா. பிறகு மிசினை அமத்திக் காட்டி, வாயால அந்தச் சத்தத்தையும் போட்டுக் காட்டினா. பிறகு கரண்டி. ரெண்டு விரல். வாய். பிறகு தன்ர நெஞ்சில ஓங்கி அடிச்சு, "மீ! மீ! ஐ மேக்!" எண்டு கத்தினா. கதிரையில இருந்த சனமெல்லாம் திரும்பிப் பாத்தது.

கிளடிஸ் சிரிக்கேல்லை. "பவுடர்? நோ குக்?"

"நோ குக்."

கிளடிஸ் திரைக்குள்ள ஓடினா. ஓடின வேகத்திலயே மங்கையற்கரசிக்குத் தெரிஞ்சு போச்சு, தான் குடுத்தது என்ன எண்டு. சுவரில சாஞ்சுகொண்டு நிண்டா.

தயாபரன் மூச்சு வாங்க வந்து சேந்த நேரம் கிளடிஸ் ஒரு டொக்டரோட வெளியில வந்தா. டொக்டர் தயாபரனைக் கேட்டார், தயாபரன் இவவைக் கேட்டான்: "மாமி, அந்த மருந்து மிச்சம் இருக்கோ? அரைக்காதது? இவைக்கு அதை நேர பாக்கோணுமாம்."

"லாச்சிக்குள்ள ஒரு பொட்டலம் கிடக்கு."

"வேற ஆரும் அதைத் திண்டதோ எண்டு கேக்கினம்."

"இல்லை, ஒருதரும்…"

அந்தச் சொல்லு பாதியில நிண்டது. சீலைத்துண்டால துடைச்ச மிசின் கண்ணுக்கு முன்னால வந்தது.

"தம்பி" எண்டா. "அதே மிசினிலதான்… பிறகு வதனாவுக்குச் சரக்கு அரைச்சனான். கழுவேல்லை. துடைச்சனான்."

தயாபரன் முதல்ல விளங்காதமாதிரிப் பாத்தான். பிறகு அந்தப் பிள்ளை, ஒருநாளும் குரல் உயத்தாத பிள்ளை, ஆசுப்பத்திரி அதிரக் கத்தினான். "மாமி! என்ர பிள்ளை பால் குடிக்குது மாமி! உங்களுக்கு என்ன விசரே?"

வீட்டுக்கு ஓடிப்போட்டான். டொக்டரும் திரைக்குப் பின்னால போயிற்றார். மங்கையற்கரசி தனிய நிண்டா. இஞ்சால புருசன், அங்கால மகளும் பேத்தியும். மூண்டு பேருக்கும் நஞ்சு குடுத்த கை ரெண்டும் அவவின்ர உடம்பிலதான் தொங்கிக்கொண்டு கிடந்தது.

கிளடிஸ் ரெண்டு காசை அவவின்ர கையில வைச்சு, சுவரில இருந்த ரெலிபோனைக் காட்டினா. வீட்டு நம்பரை அமத்தினா. டூ, டூ, டூ. ஆரோ கதைக்கினம். வந்த சனம், ஜெயரட்ணத்தாருக்கு வருத்தம் எண்டு ஸ்காபரோ முழுக்க அறிவிச்சுக்கொண்டு நிக்குதாக்கும். திரும்ப அமத்தினா. டூ, டூ, டூ. "வையுங்கோவன்! வைச்சுத் துலையுங்கோவன்!" எண்டு ரெலிபோனைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. நல்லூர்க் கந்தனில இருந்து றிச்மன்ட் ஹில் பிள்ளையார் வரைக்கும் ஒருதரையும் விடேல்லை.

மணி அடிச்சுது. முப்பத்தொண்டுக்கு வந்து நிண்ட பக்கத்து வீட்டுக்கார அன்ரிதான் எடுத்தவ.

"ஓ மங்கையக்கா! அண்ணைக்கு எப்பிடி? இஞ்ச ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ. வதனா அழுதுகொண்டு சாப்பிடமாட்டன் எண்டவள், நான் விடேல்லை. பால் குடுக்கிறவள் பட்டினி கிடக்கலாமே? நீங்கள் வைச்ச சரக்குக்கறியோட நல்லாச் சாப்பிட்டவள்."

மங்கையற்கரசிக்குக் காது அடைச்சுப் போச்சு. "வதனாட்டக் குடுங்கோ. கெதியாக் குடுங்கோ!"

"அம்மா? அப்பாவுக்கு என்னம்மா?"

"பிள்ளை, உனக்கு நாக்கு விறைக்குதோ? வாய்? கை?"

"ஏனம்மா?"

"கேட்டதுக்குச் சொல்லடி!"

"தெரியேல்லையம்மா… மிளகு கூடிப்போச்சு, கொஞ்சம் உறைக்குது. விறைப்போ உறைப்போ தெரியேல்லை. ஏனம்மா?"

"பிள்ளை எங்க?"

"நித்திரை. இப்பதான் பால் குடுத்துக் கிடத்தினனான்."

அதுக்குப் பிறகு வதனா என்ன சொன்னா எண்டு மங்கையற்கரசிக்குத் தெரியாது. திரைக்குப் பின்னால ஒரு மிசின் விடாமல் கூவத் தொடங்கினது. எங்கெங்கேயோ இருந்து ஆக்கள் ஓடி வந்தினம். சீலை விலகின ஒரு கண்நேரத்தில, ஜெயரட்ணத்தின்ர நெஞ்சில கரண்ட் அடிக்கிற ரெண்டு தட்டையை வைச்சு அமத்தினதும், அந்தப் பெரிய உடம்பு கட்டிலை விட்டு எழும்பி விழுந்ததும் தெரிஞ்சுது. பிறகு சீலை மூடிற்று.

"தயாபரன் வாறார், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு உடன வா. திரும்பப் பால் குடுத்திடாத" எண்டா. அதை எப்பிடிச் சொன்னா எண்டு அவவுக்கே தெரியாது.

அடுத்த காசை அவ வேரோனிக்காவுக்குப் போட்டா. கூட வேலைக்குப் போற ஆள், நம்பர் மனப்பாடம். "வேரோனிக்கா, நோ குக். ஐ நோ குக். ஹஸ்பன்ட் டையிங்." வேரோனிக்கா எந்த ஆசுப்பத்திரி எண்டு மட்டும் கேட்டா.

கதிரையில இருக்க ஏலேல்லை. நிண்டா. சனம் வாறதும் போறதுமா இருந்தது. ஒரு மனுசி தன்ர பிள்ளைக்கு விரல் வெட்டுப்பட்டதெண்டு அழுதுகொண்டு இருந்தா. அந்தப் பிள்ளையின்ர ரத்தம் சிவப்பா, பாக்கக்கூடியதா இருந்தது. அதைப் பாக்கப் பொறாமையா இருந்தது மங்கையற்கரசிக்கு. இஞ்ச ஒரு ரத்தமும் இல்லை. ஒரு காயமும் இல்லை. ஒரு தூள். தன்ர கையால அரிச்ச தூள்.

முதல் வந்தது தயாபரன். பிள்ளையை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு, வதனாவை மற்றக் கையால இழுத்துக்கொண்டு. மாமியைப் பாக்கேல்லை. நேர கிளடிசிட்டப் போனான். பொட்டலத்தைக் குடுத்தான், பிள்ளையையும் குடுத்தான். குளிராக்கும், பிள்ளை வீறிட்டு அழுதுது. அந்த அழுகையைக் கேட்டு மங்கையற்கரசிக்கு உயிர் வந்தது. அழட்டும். நல்லா அழட்டும். அழுற பிள்ளைக்கு மூச்சிருக்கு.

பின்னாலயே வேரோனிக்கா வந்தா. தனிய வரேல்லை. கடையைப் பூட்டிப்போட்டு அந்தக் கிழவரும் வந்திருந்தார், இடுப்பில கட்டின ஏப்ரனோட. வேரோனிக்கா கிட்ட வந்ததும் வராததுமாத் தொடங்கிற்றா. "ஐ டெல் யூ! லோங் டைம் குக், ஐ டெல் யூ! எத்தினை தரம் சொன்னனான்? ஏன் சிஸ்டர்? ஏன்?"

மணத்துக்குப் பயந்து எண்டு சொல்லலாம். மருமகனுக்குப் பயந்து எண்டு சொல்லலாம். உங்கள் எல்லாரையும் விட எனக்குக் கூடத் தெரியும் எண்டு நினைச்சன் எண்டதுதான் உண்மை. அதுக்கு அவவிட்ட இங்கிலீஸ் இல்லை. தமிழும் இல்லை.

"சொறி" எண்டா. வேரோனிக்காவும் அழுதா. பிறகு கத்தினவளே வந்து கையைப் பிடிச்சுக்கொண்டு பக்கத்தில நிண்டா.

கிழவர் டொக்டருக்கு முன்னால பொட்டலத்தைப் பிரிச்சு, கறுப்புத் துண்டை எடுத்து வைச்சார். டொக்டர் பெரிய புத்தகம் ஒண்டைத் திறந்து வைச்சுக்கொண்டு, நஞ்சு விசயம் பாக்கிற இடத்துக்கு ரெலிபோனும் எடுத்தார். தயாபரன்தான் பிறகு விளங்கப்படுத்தினவன். எங்கட ஆக்கள் வச்சநாவி எண்டு சொல்லுற கிழங்கின்ர சொந்தக்காரனாம் அது. மணிக்கணக்காக் கொதிச்சால்தான் நஞ்சு முறியுமாம். தண்ணியில கொதிக்காமல் தாச்சியில ஒரு பிரட்டுப் பிரட்டி அரைச்சால் நஞ்சு அப்பிடியே நிக்குமாம். நாக்கு விறுவிறுக்கிறது மருந்து பிடிக்கிறது இல்லையாம். நஞ்சு கதவைத் தட்டுறதாம். அந்த நேரமே நிப்பாட்டியிருக்கோணும். மாத்து மருந்தெண்டு ஒண்டும் கிடையாது. நஞ்சு உடம்பை விட்டுப் போகுமட்டும் இதயத்தை நிக்கவிடாமல் பாத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"வதனாவுக்கு?" எண்டு கேட்டா மங்கையற்கரசி. கேட்க வாய் கூசினது.

கிழவரும் டொக்டரும் அதைப்பற்றிக் கதைச்சவை. துடைச்ச மிசினில ஒட்டிக் கிடந்தது கொஞ்சம். அதுவும் ஒரு போத்தில் சரக்குக்குள்ள கலந்து, கறியிலயும் கொதிச்சிருக்கு. பெரும்பாலும் ஒண்டும் வராது எண்டார் கிழவர். டொக்டர் அவ்வளவு லேசா விடேல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் வயர் ஒட்டிப் பாத்தினம். அந்தச் சின்ன நெஞ்சில அந்த வயரைக் கண்டு மங்கையற்கரசி சுவர்ப்பக்கம் திரும்பி நிண்டிட்டா. ரெண்டு கோடும் ஒழுங்கா ஓடினது. திரும்பவும் பாத்தினம். ஒழுங்காத்தான் ஓடினது. அண்டைக்கு முழுக்கப் பால் குடுக்க வேண்டாம், புட்டிப்பால் குடுங்கோ எண்டிச்சினம். புட்டியின்ர ரப்பரை அட்சயா நாக்கால தள்ளித் துப்பினா. பிறகு பசி வெண்டுது, மூக்கால மூச்சு விட்டு விட்டுக் குடிச்சா.

வதனா தாய்க்குப் பக்கத்தில வந்திருந்தா.

"ஏசு பிள்ளை, என்னை நல்லா ஏசிப்போடு" எண்டா மங்கையற்கரசி.

"அப்பா வரட்டும்" எண்டா வதனா. "எல்லாரும் சேந்து ஏசுவம்."

பொழுது படேக்க டொக்டர் வந்து சொன்னார், இன்னும் ஆபத்துத் தாண்டேல்லை, ஆனால் போன கொஞ்ச நேரமா இதயம் தன்ர பாட்டில அடிக்குது, ஒரு ஆள் மட்டும் உள்ளுக்கை போய்ப் பாக்கலாம் எண்டு. தயாபரன் மாமியைப் பாத்தான். மத்தியானத்துக்குப் பிறகு முதல் தரம் நிமிர்ந்து பாத்தது அப்பதான். "நீங்கள் போங்கோ மாமி" எண்டான். குரலில கோவம் இன்னும் இருந்தது. ஆனால் மாமி எண்டு சொன்னான்.

ஜெயரட்ணம் வயருக்கும் குழாய்க்கும் நடுவில கிடந்தார். நெஞ்சில தட்டை வைச்ச இடம் சிவந்து கிடந்தது. கண்ணைத் திறந்தார்.

"பிள்ளைக்கு… ஒண்டுமில்லையே?" அவருக்கு ஆர் சொன்னதோ, கூச்சலில கேட்டுதோ தெரியாது.

"ஒண்டுமில்லை. புட்டிப்பால் குடிச்சுப்போட்டு நித்திரை."

"நான் ரெண்டு கரண்டி போட்டிராட்டி…"

"நீங்கள் எத்தினை கரண்டி போட்டாலும் அரைச்சது நான்தானே. கதையாதையுங்கோ."

அவர் கண்ணை மூடினார். மங்கையற்கரசி கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு அவற்ற மணிக்கட்டைப் பிடிச்சா. தோலுக்குக் கீழ நாடி துடிச்சுது. துடிச்சுது, துடிச்சுது, ஒருக்கால் தவறினது. அவ பிடியை இறுக்கினா. பிறகு திரும்பத் துடிச்சுது.

கிளடிஸ் வந்து, மிசினைக் காட்டி, மிசின் பாக்குது, நீ போய்ப் படு எண்டு கையால காட்டினா.

"நோ" எண்டா மங்கையற்கரசி. அடுத்ததைத் தமிழிலதான் சொன்னா, கிளடிசுக்கு விளங்கினாலும் சரி விளங்காட்டிலும் சரி. "மிசின் அந்தப் பக்கம் நிண்டு பாக்கட்டும். இந்தப் பக்கம் நான் நிக்கிறன்."

கிளடிஸ் ஒரு கதிரையை இழுத்து அவவின்ர முழங்காலுக்குப் பின்னால வைச்சா. மங்கையற்கரசி மணிக்கட்டை விடாமலே இருந்தா. துடிச்சுது. துடிச்சுது. தவறேல்லை. துடிச்சுது.